ஃப்ரீ எலக்ட்ரானிக் மியூசிக்க யூடியூப் வீடியோல போட்டா ஸ்ட்ரைக் வருமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி, காசிமேட்டுல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. "அண்ணா, போன வீடியோல நெட்லேபிள்னு சொன்னீங்களே, ஆல்பம் ஆல்பமா சும்மாவே தராங்கன்னு, அதுல அவங்களுக்கு இன்னா லாபம்? அத்த எடுத்து எங்க ஏரியா கேரம் டோர்னமென்ட் வீடியோக்கு போட்டா ஸ்ட்ரைக் உழுமா?"

நெட்லேபிள்னா நெட்டுலயே பாட்டு வெளியிடற சின்ன மியூசிக் கம்பெனி. லாபம்னு கேட்டா, துட்டு ஒன்னும் பெருசா கிடையாது தம்பி. நமக்கு ஃப்ரீ பாட்டுன்னாலே பர்மா பஜார் எம்பி3 சிடி தான் ஞாபகம் வரும், ஒரே சிடில நூறு நூத்தம்பது பாட்டு, பாடுனவனுக்கு ஒரு பைசா போயிருக்காது. இது அது இல்ல. இது மியூசிக் பண்ணவனே இந்தா எடுத்துக்கன்னு குடுக்கறது.

இந்த பழக்கம் எங்கேந்து வந்துச்சுன்னா, 1987-ல அமிகா கம்ப்யூட்டருக்கு கார்ஸ்டன் ஒபார்ஸ்கின்னு ஒருத்தர் அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்னு ஒரு சாஃப்ட்வேர் எழுதுனாரு, மொத்தமே 4 சேனல் தான், ஒரே நேரத்துல நாலு சத்தத்துக்கு மேல வராது. அதுல வர்ற மோட் ஃபைலுக்குள்ள ட்ரம்ஸு, பேஸு சாம்பிளும், அதாவது ரெக்கார்ட் பண்ண சின்ன சத்தத் துண்டும் இருக்கும், எது எப்போ அடிக்கணும்ங்கற கணக்கும் இருக்கும். அதனால குட்டி ஃபைலு, ஃப்ளாப்பில போட்டு கைமாத்திகினே இருந்தாங்க. அது மட்டுமில்ல, தொறந்தா ஒவ்வொரு வரியும் தெரியும், எப்படி பண்ணான்னு நீயே பாத்துக்கலாம். பிரியாணியோட சேத்து மாஸ்டரோட கைப்பக்குவத்தையும் குடுத்த மாதிரி. அப்படி ஒருத்தன்கிட்ட ஒருத்தன் கத்துகினு வளந்த பசங்க தான் அப்பால நெட்டு வந்ததும் லேபிள் ஆரம்பிச்சாங்க. மோனோடானிக் 1996-ல வந்துச்சு, மொதல்ல மோட், அப்பறம் எம்பி3. ஜெர்மனில தின்னர்னு ஒன்னு இருந்துச்சு, டப் டெக்னோ, அதாவது எக்கோ போட்டு மெதுவா மெதக்கற மாதிரி இருக்கற டெக்னோ கேக்கறவங்களுக்கு அது தெரியாம இருக்காது, ராத்திரி எண்ணூர் ஹைவேல பைக்ல போறப்ப அத்த கேட்டு பாரு, கன்டெய்னர் லாரி சத்தம் கூட பாட்டுல இருக்கற மாதிரியே தோணும். போர்ச்சுகல்ல இனஃப் ரெக்கார்ட்ஸ். சிடி தட்டும் வேணாம், கடையும் வேணாம், ஒரு கேட்டலாக் நம்பர், ஒரு கவர் படம், ஃபைல எல்லாம் இன்டர்நெட் ஆர்கைவ்ல ஏத்திடுவாங்க, அங்க நெட்லேபிளுக்குன்னே தனி பகுதி கீது. செலவே இல்லாதப்ப எதுக்கு விக்கணும், அவ்ளோதான் அவங்க கணக்கு. பேரு பரவும், கச்சேரிக்கு கூப்புடுவாங்க, அது தான் வரவு.

இப்போ ஸ்ட்ரைக், அதாவது காப்பிரைட்டுக்காக யூடியூப் சேனல் மேல போடற எச்சரிக்கை, அந்த மேட்டருக்கு வரேன், இங்க தான் நெறைய பேரு மாட்டறாங்க. ஃப்ரீன்னா இஷ்டத்துக்கு இல்ல. 2002 கடைசில கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் வந்துச்சு, எந்த கண்டிஷன்ல எடுத்துக்கலாம்னு பண்ணவரே முன்கூட்டியே சொல்லிடறது, கண்டிஷனுக்கு ரெண்டு ரெண்டு எழுத்து, பெரும்பாலான நெட்லேபிள் அதுல தான் குடுக்குது. ஆடி மாசம் நம்ம அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்கல்ல, அத்த வச்சி சொல்றேன். பிஒய் (BY)னு போட்டிருந்தா உபயம் இன்னார்னு பேர போடணும், கோயில் ட்யூப்லைட்ல வெளிச்சமே தெரியாத அளவுக்கு உபயம் எழுதி வச்சிருப்பாங்களே, அவ்ளோ வேணாம், டிஸ்கிரிப்ஷன்ல பாட்டு பேரு, பண்ணவர் பேரு, லைசென்ஸ் லிங்கு போட்டா போதும். என்சி (NC)ன்னா வியாபாரத்துக்கு கூடாது, கூழ வாங்கி தெருமுனைல விக்கக்கூடாது, சேனல்ல விளம்பரம் ஓடுதுன்னா வம்பு தான், ஒரு மெயில் போட்டு கேட்டுரு. நான் ரெண்டு வாட்டி கேட்டிருக்கேன், ரெண்டு வாட்டியும் சரின்னு தான் சொன்னாங்க, ஒருத்தரு வீடியோ லிங்க அனுப்புன்னு ஆசையா கேட்டாரு. எஸ்ஏ (SA)ன்னா உன் வீடியோவையும் நீ அதே லைசென்ஸ்ல தான் குடுக்கணும்.

என்டி (ND) தான் பேஜாரு, பாட்ட மாத்தி குடுக்கக்கூடாதுன்னு அர்த்தம். பாட்டுல நான் கையே வைக்கல, அப்படியே தான போட்டேன்னு சொல்லுவீங்க. ஆனா ஓடற படத்துக்கு சேத்து பாட்ட ஓட்டினாலே அது மாத்தினதா தான் அந்த லைசென்ஸ்ல கணக்கு. ஸோ என்டி இருந்தா கேக்கலாம், ஃப்ரெண்டுக்கு அனுப்பலாம், கேரம் வீடியோக்கு கூடாது. இது தெரியாம நானே மூணு வீடியோ போட்டு அப்பறம் எடுத்தேன்.

எல்லாம் சரியா பண்ணாலும் சில நேரம் க்ளெய்ம் வரும். க்ளெய்ம் வேற ஸ்ட்ரைக் வேற, க்ளெய்ம்னா அந்த ஒரு வீடியோல இருக்கற பாட்டு என்னுதுன்னு ஒருத்தர் கேக்கறது, பயந்துடாத. எவனோ அந்த ஃப்ரீ பாட்ட தன் பாட்டுல வச்சி கன்டென்ட் ஐடில, அதாவது பாட்ட தானா கண்டுபுடிக்கற யூடியூப் சிஸ்டத்துல பதிஞ்சிருப்பான், மெஷின் உன்ன புடிக்கும். எனக்கு அப்படி வந்துச்சு, அது தப்புன்னு யூடியூப்ல போடற டிஸ்பியூட்ல லைசென்ஸ் பக்கத்து லிங்கு குடுத்தேன், அவங்களுக்கு 30 நாள் டைம், பதிலே வரல, தானா போயிடுச்சு. அதனால டவுன்லோட் பண்றப்பவே அந்த பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பாட்டோட அதே ஃபோல்டர்ல போட்டு வை.

அப்பறம் கடைசில அந்த தம்பி சின்னதா ஒன்னு கேட்டிருக்காரு, நான் பண்ண மியூசிக்க நெட்லேபிளுக்கு அனுப்பலாமான்னு. தாராளமா, ஆனா கேசட்ல இருந்து உருவுன கானா சாம்பிள் இருந்தா எடுக்க மாட்டாங்க. சாவு மோளம் அடிக்கற அண்ணங்ககிட்ட போ, கேட்டுட்டு, கைல துட்டும் குடுத்துட்டு, ஃபோன்லயே ரெக்கார்ட் பண்ணு, நடுவுல எவனாவது ஹாரன் அடிச்சான்னா அத்தயும் வெட்டாத.