நீள வாக்கியத்துக்கு நான் வக்கீல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எழுத்து மெருகேற இலக்கிய நடையைப் படித்து நீண்ட வாக்கியம் எழுதப் பழக வேண்டுமா, சின்ன வாக்கியமே போதுமா என்பது தலைப்பு. பழகத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் சற்றுமுன் நன்னூல் இலக்கணத்தைத் தூக்கிக் காட்டி, ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளில் முதல் அழகே 'சுருங்கச் சொல்லல்'தான் என்று முழங்கி, கைதட்டலும் வாங்கிவிட்டார். வாங்கட்டும். ஆனால் அதற்கு முந்தின சூத்திரத்தில் பவணந்தி முனிவர் பத்துக் குற்றங்களையும் அடுக்கியிருக்கிறாரே, அதில் முதல் குற்றம் எது தெரியுமா? குன்றக் கூறல்! சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. அது மட்டும் தலைவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

சின்ன வாக்கியம் எதைக் குறைக்கிறது? 'அவன் வந்தான். அவள் போனாள்.' எதிரணிக்குப் பிடித்த மாதிரி இரண்டு வாக்கியம், இரண்டு முற்றுப்புள்ளி. சரி, என்ன நடந்தது? அவன் வந்ததால் போனாளா, வந்தும் போனாளா, வருவதற்குள் போனாளா, வந்த பிறகுதான் போனாளா? நான்கும் நான்கு கதை. இரண்டு செயல்களுக்கு நடுவே உள்ள உறவுதான் கதையே, அந்த இடத்தில்தான் நீங்கள் முற்றுப்புள்ளி வைக்கிறீர்கள். தமிழில் இந்த உறவையெல்லாம் வினையின் வாலிலேயே ஒட்டிவிட முடியும், பயனிலை கடைசியில் காத்திருக்கும், அதுவரை 'வந்து', 'வந்ததால்' என்று முடியாமல் நிற்கும் எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு தந்தி அடிப்பானேன்?

'நீட்டினால் குழம்பும்' என்றார் இன்னொரு தோழர். குழம்பும்தான், பழகாமல் நீட்டினால். 'அவள் கதவைத் திறந்து, மழை நின்று, தம்பி குடையை எடுத்து, வெளியே போனாள்' என்று எழுதினால் யார் போனார், யார் எடுத்தார் என்று வாசகர் தலையைச் சொறிவார். கோளாறு நீளத்தில் இல்லை. 'திறந்து', 'எடுத்து' போன்ற எச்சங்கள் பெரும்பாலும் முடிவில் வரும் வினையின் எழுவாயையே தேடிப் போகும். ஆள் மாறினால் எச்சமும் மாற வேண்டும். 'மழை நின்றதும், தம்பி எடுத்துக் கொடுத்த குடையோடு, அவள் கதவைத் திறந்து வெளியே போனாள்.' அதே நீளம்தான், இப்போது எங்காவது இடறுகிறதா? எழுவாயைப் பயனிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் பாதிச் சிக்கல் போய்விட்டது. இதை இலக்கணப் புத்தகம் விதியாகச் சொல்லும், ஆனால் கைக்கு வருவது நல்ல உரைநடையை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தால்தான்.

பிரித்துப் பார்ப்பதென்றால் எப்படி? அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் சொல்கிறார்: பிடித்த கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதிவைத்து, சில நாள் ஆறப்போட்டு, மூலத்தைப் பார்க்காமல் தன் சொற்களில் திரும்ப எழுதி, ஒப்பிட்டுத் திருத்தினாராம். அதுவும் போதாமல் கதைகளைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்கினார். இத்தனைக்கும் அவரை யாரும் வளவளப்பான எழுத்தாளர் என்று சொன்னதில்லை. நீளத்தைப் படித்தவருக்குத்தான் எங்கே நறுக்க வேண்டும் என்பதும் தெரியும், நடுவர் அவர்களே!

கைப்பேசியில் படிப்பவருக்குப் பொறுமை இல்லை என்றார்கள். நள்ளிரவில் நாற்பது அத்தியாயத் தொடர்கதையை அதே கைப்பேசியில் படித்து முடிப்பவர்களும் இந்த அவையிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு இறங்குகிறேன். மறுத்தே ஆக வேண்டும் என்று தெரிந்தும், நண்பரின் மனம் நோகுமே என்று தயங்கி, கடைசியில் பாதி உண்மையை மட்டும் சொல்லிவிட்டு வந்த ஒருவரின் தவிப்பை, வாக்கியத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் போகாமல், 'ஆனால்', 'அதனால்', 'இருந்தாலும்' எதையும் தொடாமல், இந்த மேடையில் சொல்லிக் காட்டுங்கள் பார்ப்போம்.