மூச்சை எண்ணி எழுதுங்கள்: செவிலியர் கையில் இருக்கும் தரவு

(திரையில்: ஒரு வார்டு சார்ட். மூச்சு என்ற வரிசையில் 20, 20, 20, 20.)

வணக்கம். இந்தச் சார்ட்டைப் பாருங்கள். நான்கு முறை நோயாளியைப் பார்த்திருக்கிறார்கள். நாடி மாறியிருக்கிறது, காய்ச்சல் ஏறியிருக்கிறது, மூச்சு மட்டும் 20-ஐ விட்டு நகரவே இல்லை. இது விளக்கத்துக்காக நாங்கள் உருவாக்கிய சார்ட்தான். ஆனாலும் தர்மபுரியில் வேலை பார்க்கும் சிஸ்டருக்கும் சரி, லண்டனில் வேலை பார்ப்பவருக்கும் சரி, இது பழகிய காட்சி. நாடிக்கும் ஆக்சிஜனுக்கும் விரலில் மாட்டும் கருவி இருக்கிறது. மூச்சை மட்டும் நின்று ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஆள் குறைவான இரவு ஷிப்டில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

அந்த நிமிடத்தால் என்ன மாறும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய ‘நியூஸ்’ (NEWS) என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவுவது அது. மூச்சு, ஆக்சிஜன், பி.பி., நாடி, நினைவு, காய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும். 7 வந்தால் அவசர நிலை. கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இந்த முறை பொருந்தாது.

(திரையில்: எண்கள் ஒவ்வொன்றாக வரும், பக்கத்தில் மதிப்பெண்.)

ஒரு நோயாளிக்கு மூச்சு 24, அதற்கு 2. ஆக்சிஜன் 94, அதற்கு 1. நாடி 112, அதற்கு 2. மேல் பி.பி. 104, அதற்கு 1. காய்ச்சல் 100.8, அதற்கும் 1. நினைவு தெளிவாக இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தவில்லை. மொத்தம் 7. இப்போது மூச்சை எண்ணாமல் முந்தைய வரியைப் பார்த்து 20 என்று எழுதிவிட்டால் அதற்கு 0, மொத்தம் 5. அதே ஆள், அதே படுக்கை, ஆனால் அவசர நிலை என்பது தாளில் இல்லாமல் போய்விட்டது. தரவு என்றதும் மேலிடத்துக்கு அனுப்பும் ரிப்போர்ட்தான் பலருக்கு நினைவு வருகிறது. அந்த நோயாளிக்கு இந்த இரவில் யார் ஓடி வருவார் என்பதை முடிவு செய்வதும் அதே தரவுதான்.

சரி, எண்ண நேரம் ஏன் இல்லை? அதையும் தரவால்தான் கேட்க முடியும். லிண்டா ஐக்கன் என்ற நர்சிங் ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஐரோப்பாவில் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2014-இல் லான்செட் இதழில் வெளியானது. கூடுதல் நோயாளிதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘ஆள் போதவில்லை’ என்று வாயால் சொல்வதற்கும் இந்த எண்ணை மேசையில் வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அப்புறம் பி.பி. கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கி எழுதும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கர்ப்பிணியை வைத்துக்கொள்வோம். நான்கு பரிசோதனைகளில் 110/70, 118/76, 126/82, 136/88. ஒவ்வொரு முறையும் ஏறுகிறது, உயர் ரத்த அழுத்தம் என்று சொல்லும் 140/90-ஐ நெருங்கிவிட்டது. கடைசியாக வந்ததை 130/80 என்று எழுதினால் ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வளைகாப்பு முடிந்து அவர் அரூரில் தாய்வீட்டுக்குப் போகிறார். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளமான பிக்மியில் (PICME) அவருடைய எண்ணைப் போட்டால் அங்கிருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் பழைய பதிவைப் பார்க்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அவர் கண்ணில் படுவது 130/80. அந்தப் பெண்ணை முன்பின் பார்த்திராத சிஸ்டருக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

(திரையில்: கிருஷ்ணகிரி மாவட்ட வரைபடம், சாமனப்பள்ளி.)

இனி ஆய்வுக்கு வருவோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசின் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. முதுகலை நர்சிங் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடி அலைகிறார்கள். கடைசியில் விழிப்புணர்வு வகுப்புக்கு முன் எத்தனை மதிப்பெண், பின் எத்தனை என்ற தலைப்பில் போய் நிற்கிறார்கள். வகுப்பு முடிந்த கையோடு மதிப்பெண் கூடத்தானே செய்யும்? அதைவிட நல்ல கேள்விகள் இந்தத் திட்டத்தின் பதிவுகளிலேயே இருக்கின்றன. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு நிற்காமல், அவர்களில் எத்தனை பேருக்கு பி.பி. 140/90-க்குக் கீழே வந்தது என்று கேளுங்கள். மாத்திரை நின்றுபோனவர்கள் எந்த ஊர், எந்த மாதம் என்று பாருங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. பதிவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவர் மருந்தை விட்டுவிட்டாரா, ஊரில் இல்லையா, நாம்தான் போகவில்லையா என்று தெரியாது. ‘வேலைக்குப் போயிருக்கிறார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், கிளம்பும் முன்பே கூடுதல் மாதத்துக்கு மாத்திரை கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் பேசலாம். மருந்து பிடிக்காமல் நிறுத்தியவரிடம் பேச வேண்டியதே வேறு.

எண்ணிக்கையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வார்டில் சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாயால் (கதீட்டர்) 4 தொற்று, இன்னொன்றில் 2. முதல் வார்டு மோசம் என்று தோன்றும். முதல் வார்டில் எல்லோருக்கும் சேர்த்துக் குழாய் இருந்த நாட்கள் 1,000, இரண்டாவதில் 200 என்றால், 1,000 நாளுக்கு 4 எங்கே, 10 எங்கே? எதற்கு எத்தனை என்று கேட்காமல் எந்த வார்டையும் திட்டாதீர்கள்.

ஆய்வுக்கு எடுப்பதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பெயர், ஆதார், செல்போன் எண் எதுவும் உங்கள் தாளுக்கு வரக் கூடாது. ரிஜிஸ்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேண்டவே வேண்டாம். சின்ன ஊரில் வயதும் தெருவும் தெரிந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். முடிவு வந்ததும் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி போகட்டும். இன்னொன்றை அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஊர்வாரியாக ஒரே பக்கத்தில் இருந்தால், அடுத்த மாதக் கூட்டத்தில் எந்த ஊருக்கு முதலில் போவது என்று அந்த எண்களை எழுதிய சிஸ்டர்களே பேசி முடிவு செய்வார்கள்.