டிங்கரிங்குக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

கீழக்கரை, தொண்டி, மண்டபம், ராமநாதபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில், கொல்லையோரக் கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு கார் நிற்கும். அம்பாசிடரோ, பியட்டோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, அதற்கும் முந்திய மாரிஸ் மைனரோ. வாப்பா வாங்கியது, தாத்தா ஓட்டியது, பெரியப்பா கல்யாண ஊர்வலத்துக்குப் போனது என்று வீட்டில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். ஒருநாள் பேரப்பிள்ளைகளுக்கு ஆசை வந்து, இதை ஓட வைப்போம் என்று முடிவெடுத்து, மறுநாளே வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் கழித்து அது பளபளவென்று திரும்பி வரும். அந்தக் காரின் வரலாற்றில் பாதி பட்டறைக் குப்பையில் கிடக்கும்.

சுத்தியல் படுவதற்கு முன் எழுதி முடித்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எந்த ஊருக்கும் இது நல்லது. நம் கடற்கரைக்கு இது கட்டாயம். ஏனென்றால் இங்கே பல ஆண்டு நின்ற காரைத் தகரம் வெட்டாமல் எழுப்புவது அபூர்வம். வெட்டும் தகரத்தோடு பழைய பெயிண்ட், ஒட்டுவேலை, ஸ்டிக்கர், முத்திரை எல்லாம் போய்விடும்.

ஆகவே முதல் வேலை, வண்டியைக் கழுவாமல் படம் எடுப்பது. நாலு பக்கமும், உள்ளேயும், டிக்கியிலும், பானட்டுக்குக் கீழும், முடிந்தால் அடிப்பாகத்திலும். சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். பஸ் டிக்கெட், பெட்ரோல் பங்க் ரசீது, பழைய காசு, துணிக்கடைப் பை என்று எது கிடைத்தாலும் அது ஒரு தேதி, ஒரு ஊர்.

அடுத்தது எண்கள். சேஸிஸ் எண் உள்ள தகடு பெரும்பாலும் பானட்டைத் திறந்தால் தெரியும் பின்சுவரில் ரிவிட் அடித்திருக்கும். எஞ்சின் எண் பிளாக்கிலேயே இருக்கும். கம்பி பிரஷ்ஷோ எமரித் தாளோ போட்டுத் தேய்க்காதீர்கள். துருவோடு எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் போட்டு வைத்து, மெதுவாகத் துடைத்து, மெல்லிய வெள்ளைத்தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுக்கும் அதே பென்சில் அச்சுதான். அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

எஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறு எஞ்சின் வைப்பதும், பெட்ரோல் வண்டியை டீசல் ஆக்குவதும் ஒரு காலத்தில் சாதாரணம். முறையாகச் செய்திருந்தால் ஆர்.சி.யில் பதிவு இருக்கும். இந்த முரணிலிருந்தே கதையும் கிடைக்கும். அம்பாசிடர் முதலில் வந்தபோது அதில் இருந்தது 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின், அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். 1950-களின் கடைசியில்தான் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருக்கும் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது. ஆரம்பத்திலேயே வாங்கிய வண்டி என்று வீட்டில் சொல்லி, உள்ளே ஓவர்ஹெட் வால்வு இருந்தால், வருடம் பிந்தியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் மாறியிருக்க வேண்டும். எது என்று ஆர்.சி. சொல்லும்.

ஆர்.சி.யில் சொந்தக்காரர் பெயர் மாறிய பக்கங்களையும், கடன் கொடுத்தவர் பெயரில் எச்.பி. (தவணைக் கடன் குறிப்பு) போட்டு நீக்கிய பக்கத்தையும் சேர்த்தே படியுங்கள். ராமநாதபுரம் என்று முத்திரை இருப்பதாலேயே வண்டி இந்த ஊரில் இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. 1985-இல் பிரிக்கும் வரை இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களும் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. காரைக்குடி வண்டிக்கும் சிவகாசி வண்டிக்கும் இதே மாவட்டம்தான்.

நிறத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. டிக்கி மூடியின் உள்பக்கம் போல வெளியில் தெரியாத இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, 400-ஆம் எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேயுங்கள். ஓரத்தை 800, அப்புறம் 1200 போட்டு நைஸாக்குங்கள். மரத்தின் வளையம் போல ஒவ்வொரு பெயிண்டும் ஒரு வளையமாக வரும். நடுவில் பிரைமர், அதைச் சுற்றி முதல் நிறம், கடைசியில் இப்போதைய நிறம். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி கறுப்பா பச்சையா என்று அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் நடக்கும் சண்டை பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இருவர் சொன்னதும் சரி என்றே பெரும்பாலும் முடியும்.

ராமேசுவரம் தீவில் இருக்கும் காருக்கு ஒரு தனிக் கேள்வி. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-ஆம் தேதி. அதற்கு முன் தீவுக்குச் சாலை வழியே கிடையாது. 1914-இல் திறந்த ரயில் பாலம் மட்டும்தான். அப்படியானால் 1988-க்கு முன் அந்தத் தீவில் ஓடிய ஒவ்வொரு காரும் ரயிலிலோ படகிலோதான் ஏறி வந்திருக்க வேண்டும். ரயில்வே சரக்கு ரசீது ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அது பொக்கிஷம்.

படங்களுக்குத் தேதி போடவும் இதே தந்திரம்தான். பின்னணியில் சாலைப் பாலத்தில் வண்டிகள் ஓடினால் 1988 அக்டோபருக்குப் பிந்தியது. தனுஷ்கோடியில் கூரையோடு கட்டடங்களும் ரயில் நிலையமும் தெரிந்தால், 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் பழைய காலத்துத் தனியார் வண்டி எண். அம்பாசிடரில் முகத்தைப் பாருங்கள்: மார்க் 2 என்றால் கிரில் கட்டம் போட்டிருக்கும், 1975-இல் வந்த மார்க் 3 என்றால் கிடைக்கோட்டுப் பட்டை. பழைய ஆர்.சி.யையும் படங்களையும் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. இராமபாணப் பூச்சிக்கும் ஈரத்துக்கும் பயந்தால், 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்துவிட்டு, அசலைக் காகித உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வையுங்கள்.

கதை கேட்கப் போகும்போது சொந்தக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டியை உண்மையில் அறிந்தவர் டிரைவர் அண்ணன். அவருக்கு அடுத்து மெக்கானிக். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, மதுரைக்கு எந்த வழியாகப் போவீர்கள், எங்கே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவீர்கள், எந்த கியர் தகராறு செய்யும், பிரசவத்துக்கு யாரைக் கூட்டிப் போனீர்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்து, தொடக்கத்திலேயே அவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிவை வீட்டுக்கு வெளியே யாருக்கும் அனுப்புமுன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இப்போது துருவுக்கு வருவோம். கொட்டகைக்குள் நிற்கும் வண்டி ஏன் துருப்பிடிக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். நம் கரையில் இரவு ஈரம் அதைத் தாண்டாத நாள் குறைவு. ஆகவே தகரத்தின் மடிப்பில் ஒருமுறை உப்பு உட்கார்ந்துவிட்டால், மழையே படாவிட்டாலும் இரவுதோறும் அந்த இடம் நனைந்துகொண்டே இருக்கும்.

இதில் பெரிய தவறு, போர் தண்ணீரில் கார் கழுவுவது. கடலோரத்தில் பெரும்பாலான போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பைக் கரைத்து மூலை முடுக்கெல்லாம் ஊட்டுகிறோம் என்று பொருள். குடிக்கிற தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ மட்டும் கழுவுங்கள். மேல்பக்கம் ஒரு வாளி போதும். அடிப்பாகத்துக்கு மூன்று வாளி வேண்டும். தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்று இரவே அடியைக் கழுவ வேண்டும். மீன் லாரிகளின் உப்பு ஐஸ் தண்ணீர் சொட்டிய ரோட்டில் போய் வந்தாலும் அப்படித்தான். ரேடியேட்டருக்கும் போர் தண்ணீர் ஆகாது. காய்ச்சி வடித்த நீரோடு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள்.

பிளாஸ்டிக் தார்ப்பாயை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பது அதுதான். பருத்தித் துணி உறை போதும். ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும்போது அந்த உறையும் ஆடி ஆடிப் பெயிண்டை உராயும்; அந்த மாதங்களில் காற்று வரும் பக்கம் கீற்றுத் தட்டி கட்டுவது மேல். மணல் தரையில் நிறுத்துவதானால் கெட்டியான பாலித்தீன் விரிப்பைத் தரையில் போட்டு, மேலே செங்கலோ பலகையோ பரப்பி நிறுத்துங்கள்.

அம்பாசிடரில் முதலில் போவது கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக்கி போடும் இடம், மிதியடிக்குக் கீழ்த் தரை, ஸ்டெப்னி வைக்கும் இடம், முன் மட்காட்டில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் சேறு தங்கும் திட்டு. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய சிறு துளைகள் உண்டு. அவற்றைப் பெயிண்டும் மண்ணும் அடைத்துவிடும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். இந்த வண்டிக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, பாடியே சட்டகம். சில் போனால் அழகு மட்டும் போவதில்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது. ஸ்குரூ டிரைவர் நுனியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகரம் நல்லது. பொத்தென்றால் உள்ளே துரு, அல்லது பட்டி.

துருவின் மேல் பட்டி போட்டால் ஆறு மாதத்தில் கொப்புளிக்கும். நல்ல தகரம் வரும்வரை வெட்டி, 20 கேஜ் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. இங்கே பட்டறைகள் தாண்டிவிடும் ஒரு படி உண்டு. துருவைச் சுரண்டிய பிறகும் அதன் குழிகளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்று மாலைக்குள் எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் தகரத்தை ஒரு இரவு கூட விடக்கூடாது. காலையில் மஞ்சள் பூத்திருக்கும். பெயிண்ட் வேலைக்கு மாசி, பங்குனியில் காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 3 மணிக்குள் ஏற்ற நேரம். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் தொடவே வேண்டாம்.

சில்லின் உள்கூட்டுக்குள் மெழுகு கலந்த துருத் தடுப்பு ஸ்பிரே அடியுங்கள். வள்ளத்துப் பலகைக்கு மீனெண்ணெய் பூசுவார்களே, அதே எண்ணெய் தகர மடிப்புக்குள்ளும் ஊர்ந்து போய்க் காயும். வாடை சில வாரம் இருக்கும், ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கத்தை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். அதில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பரையும் ஊற வைக்கும்.

பல வருடம் நின்ற எஞ்சினை நேராக செல்ஃப் அடித்து எழுப்பக்கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஒருநாள் ஊறவிடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்டிலால் கையாலேயே சுற்றிப் பாருங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் உதைத்தால் எலும்பு தப்பும். சுற்றவில்லை என்றால் பலம் காட்டாமல் இன்னும் இரண்டு நாள் ஊறவிடலாம். பழைய பெட்ரோலை வடித்து, டேங்கையும் கார்பரேட்டரையும் சுத்தம் செய்து, ஆயில் மாற்றிய பிறகே பேட்டரி. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். பார்க்காமல் மாற்றி இணைத்தால் கேடு. 1489 சி.சி. எஞ்சினுக்கு பிளக் இடைவெளி 25 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாயிண்ட் 15 தௌ, டாப்பெட் எனப்படும் வால்வு இடைவெளி 15 தௌ, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். பிரேக் சிலிண்டர்களின் ரப்பரை மாற்றாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள். நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்; ஈரத்தில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாபிரத்தையும் கெடுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். அதனால் டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைகிறதென்றால் வால்வு சீட் தேய்கிறது என்று பொருள். ஹெட் கழற்றும்போது கடினமான சீட் வளையம் வைத்துவிடலாம். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல், சைலன்சரில் தண்ணீர்தான் சேரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

கார் யாருடையது என்ற கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். சம்மதம் தர வேண்டியவர்கள் துபாயிலும் மலேசியாவிலும் இருப்பது நம் பக்கம் வழக்கமாதலால் இதற்கே மாதங்கள் ஆகும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு உண்டு. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரிக்கும் வாடகைக்கும் ஆகாது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. அதை நிரூபிக்கும்போது பென்சில் அச்சும், பெயிண்ட் வளையப் படமும், பட்டறைக்கு முந்திய படங்களும் கைகொடுக்கும்.

இவை எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். இடப்பக்கம் கதை, வலப்பக்கம் வேலை: தேதி, மீட்டர் அளவு, மாற்றிய பாகம், செலவு. வருடம் ஒருமுறை அதைப் படமெடுத்து, குடும்பத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஊரில் இல்லாதவர்களுக்கும் காரில் பங்கு கிடைப்பது அப்படித்தான். படத்தைப் பார்த்து அவர்கள் சொல்லும் திருத்தங்களையும் பெயர் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல், சீட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். வெட்டிய தகரத்தில் பெயிண்ட் நன்றாக இருக்கும் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, பின்னால் எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி நோட்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை பெயிண்டர் என்ன நிறம் என்று கேட்கும்போது அந்தத் துண்டைத்தான் நீட்ட வேண்டும்.

வணக்கம்.