மேகத்து வெளிச்சத்திலும் மின்சாரம்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் நம் கூலிமில், பெரியவர்கள் ரப்பர் பால் வெட்டிய நிலத்துக்குப் பக்கத்தில் இன்று சோலார் பேனல் செய்யும் ஆலை இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், வெளிச்சத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு வேதியியலாளரைப் பற்றிப் பேச எனக்கு ஆசை. அவர் மைக்கேல் கிரெட்செல்.

1944-இல் ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்து, பெர்லினில் முனைவர் பட்டம் வாங்கி, 1977-இல் சுவிட்சர்லாந்தின் லோசானுக்குப் போனார். தொடக்கத்தில் அவர் பிடித்துக்கொண்ட வேலை, வெளிச்சத்தை வைத்தே தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது. ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் டைட்டானியம் டைஆக்சைடைக் கொண்டு அதற்கு வழி காட்டியிருந்தார்கள். வெள்ளைப் பெயிண்டில் போடும் அதே பொடிதான். மலிவானது, எளிதில் கெடாதது. ஆனால் அது உறிஞ்சுவது புற ஊதாக் கதிரை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதற்கு வீண்.

சரி, பொடிக்குச் சாயம் ஏற்றினால்? சாயம் வெளிச்சத்தை வாங்கி எலக்ட்ரானைப் பொடிக்குக் கொடுக்கும். அந்த எலக்ட்ரான் ஓடுவதுதான் மின்சாரம்; அதாவது இது ஒரு சூரிய மின்கலம். சாயம் இழந்ததை அயோடின் கலந்த திரவம் திருப்பித் தரும். இந்த யோசனை முன்பே இருந்தது. சிக்கல் என்னவென்றால், வழுவழுப்பான பரப்பில் ஒட்டும் ஓர் அடுக்குச் சாயத்தில் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம்கூடச் சிக்காது. கிரெட்செல் நானோ துகள்களைக் கொண்டு, கடற்பஞ்சு போலத் துளை நிறைந்த படலம் செய்தார். உள்பரப்பு பல நூறு மடங்கு பெருகியது. சாயமும் அந்த அளவுக்கு ஏறியது. 1991-இல் பிரையன் ஓரீகனுடன் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் திறன், அதாவது விழும் வெளிச்சத்தில் மின்சாரமாக மாறும் பங்கு, 7 சதவீதத்துக்கு மேல். மேகம் சூழ்ந்தாற்போன்ற பரவிய வெளிச்சத்தில் 12. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் பெரிது. பிற்பகலானால் இருட்டிக்கொண்டு வரும் கெடா மாநிலத்து வானத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

கதை அதோடு நிற்கவில்லை. 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழு சாயத்தின் இடத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற ஒரு வகைப் படிகப் பொருளை வைத்தது. அன்று 3.8 சதவீதம், அந்த வழியில் வளர்ந்த மின்கலங்கள் இன்று ஆய்வகத்தில் 25-ஐத் தாண்டிவிட்டன. எழுபதை நெருங்கும் வயதில் கிரெட்செலும் அதில் இறங்கினார்!

அப்புறம், படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று. மங்குஸ்தீன் தோலின் சாயத்தை வைத்தும் ஆய்வாளர்கள் மின்கலம் செய்திருக்கிறார்கள். திறன் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம்: மின்கடத்தும் கண்ணாடி இரண்டு, டைட்டானியம் பொடி, அயோடின் கரைசல், பென்சில் கரி. பொடி பூசிய கண்ணாடியை ஏறக்குறைய 450 பாகை செல்சியஸில் சுட வேண்டும். அதை மட்டும் ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். பழக்காலம் வரும்போது தோலை எடுத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.