புதுசு வேண்டும், திருத்தியது வேண்டாம்

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், என் பேச்சில் எங்கே ஓட்டை விழும் என்று பேனாவோடு காத்திருக்கும் எதிரணியினருக்கும் வணக்கம்.

'லேப்டாப் கிராபிக்ஸுக்கு நல்லது நிறுவனம் தரும் டிரைவரா, திருத்திய டிரைவரா?' என்பது இன்றைய தலைப்பு. டிரைவர் என்பது கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். அதையே வெளியாள் ஒருவர் மாற்றிக் கொடுத்தால் திருத்திய டிரைவர். நிறுவனம் தரும் டிரைவரே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நியாயம்தான், நன்றாகப் பேசினார். லேப்டாப் நிறுவனம் கொடுக்கும் டிரைவர் மூன்று வருடப் பழசு. புது கேம் 'டிரைவரைப் புதுப்பி' என்று சொல்லித் திறக்கவே மறுக்கிறது. திருத்திய டிரைவரைப் போட்டால் கேம் ஓடுகிறது, ஃப்ரேமும், அதாவது திரையில் ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையும், கூடுகிறது என்றார். கேட்கும்போது, அணி மாறிவிடலாமா என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது.

நடுவர் அவர்களே, அந்தக் கூடுதல் ஃப்ரேம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விசாரிப்போம். டிரைவரில் உண்மையான வேலை செய்கிற நிரலை எழுதுவது சிப் நிறுவனம்: என்விடியா, ஏஎம்டி, இன்டெல். அதன் விண்டோஸ் பதிப்பின் மூல நிரல் திருத்துகிறவர் கையில் கிடையாது. அப்படியென்றால் அவர் எதைத் திருத்துகிறார்? பெரும்பாலும் ஐஎன்எஃப் என்ற ஒரு சின்ன எழுத்துக் கோப்பை. இந்த டிரைவர் எந்தெந்த கிராபிக்ஸ் சிப்புக்கு என்ற பட்டியல் அதில் இருக்கும். ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் அடையாள எண். முதலில் சிப் நிறுவனம் யார் என்பது வரும். இன்டெல்லுக்கு 8086, தன் பழைய புகழ்பெற்ற சிப்பின் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டது. அடுத்து எந்தச் சிப் என்பது. கடைசியில், அது யாருடைய லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் எண். உங்கள் லேப்டாப்பின் எண் பட்டியலில் இல்லையென்றால், டிரைவரை நிறுவும் மென்பொருள் 'பொருத்தமான வன்பொருள் இல்லை' என்று கையை விரித்துவிடும். திருத்துகிறவர் அந்த எண்ணை ஒரு வரியாகச் சேர்க்கிறார். சிலர் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், சிலவற்றையும் மாற்றுவார்கள். அவ்வளவுதான்.

ஆக, கேம் ஓடியது சிப் நிறுவனத்தின் புது நிரலால். ஃப்ரேம் கூடியதும் அதே நிரலால். பெயர் மட்டும் திருத்தியவருக்கு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்!

'கதவைத் திறந்துவிட்டதும் உதவிதானே?' என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். ஒரு காலத்தில் அது பெரிய உதவி. 2000-களில் லேப்டாப் வாங்கியவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை. சிப் நிறுவனத்திடம் போனால் 'லேப்டாப் நிறுவனத்தைக் கேளுங்கள்' என்பார்கள். லேப்டாப் நிறுவனம் அடுத்த மாடலை விற்பதில் மும்முரமாக இருக்கும். அந்தக் காலத்தில் உட்கார்ந்து ஐஎன்எஃப் திருத்திக் கொடுத்தவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் 2008 டிசம்பரில் என்விடியா லேப்டாப்புக்கான டிரைவரைத் தானே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கியது. 2010-ல் ஏஎம்டியும் அந்த வழிக்கு வந்தது. ரொம்பப் பிடிவாதம் பிடித்த இன்டெல்கூட, 'இந்தக் கணினிக்கு இந்த டிரைவர் சரிபார்க்கப்படவில்லை' என்ற தடையை 2020-ல் தளர்த்திவிட்டது. கதவு திறந்தாயிற்று, நடுவர் அவர்களே. எதிரணி இன்னும் பூட்டை உடைக்கக் கம்பியோடு நிற்கிறது.

'லேப்டாப் நிறுவனமும் சிப் நிறுவனமும் வேறு வேறாயிற்றே, இரண்டையும் உங்கள் அணியில் சேர்த்துக்கொள்வது அழுகுணி ஆட்டம்' என்று ஒருவர் அங்கிருந்து சைகை காட்டுகிறார். அழுகுணி இல்லை. தலைப்பில் இருப்பது 'நிறுவனம் தரும்' டிரைவர். சிப்பைச் செய்தவரும் நிறுவனம்தான், அதை லேப்டாப்பில் பொருத்தியவரும் நிறுவனம்தான். இன்றைக்கு இரண்டு பேர் வேலையும் ஒன்றோடொன்று இணைந்தே வருகிறது. விண்டோஸ் 10 காலத்து டிரைவர் அமைப்பில் அடிப்படை டிரைவர் தனி. லேப்டாப் நிறுவனம் செய்த சிறப்புச் சரிக்கட்டல்கள் 'எக்ஸ்டென்ஷன்' என்று தனிக் கோப்பு. சிப் நிறுவனத்தின் புது டிரைவரைப் போட்டாலும், அந்தத் தனிக் கோப்பை விண்டோஸ் அதன்மேல் பொருத்திக்கொள்ளும்.

இந்தச் சரிக்கட்டல்தான் லேப்டாப்பில் உயிர்நாடி. மேசைக் கணினியில் கிராபிக்ஸ் அட்டையைச் செருகி, அதன் பின்னாலேயே மானிட்டரை மாட்டிவிடுகிறோம், கதை முடிந்தது. லேப்டாப்பில் அப்படியா? 2010 தொடக்கத்தில் வந்த, என்விடியாவின் ஆப்டிமஸ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகை லேப்டாப்புகளில் திரை என்விடியா சிப்போடு நேராக இணைந்திருப்பதே இல்லை. பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். என்விடியா படத்தை வரைந்து அந்தச் சின்ன கிராபிக்ஸின் நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும். திரையில் காட்டுவது சின்னது. இரண்டு சிப், இரண்டு டிரைவர், ஒரே திரை. ஏஎம்டியும் இன்டெல்லும் சேர்ந்திருந்த அந்தக் காலத்து லேப்டாப்புகள் சிலவற்றில் இரண்டு டிரைவரும் ஒரே பொட்டலமாகத்தான் வரும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் இடையே மாறும் வசதியே படுத்துவிடும்.

அப்புறம் திரை வெளிச்சம். மூடியைச் சாத்தினால் தூங்கி, திறந்தால் எழுவது. எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலி. திருத்திய டிரைவர் போட்டவர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள்: கேம் அருமையாக ஓடுகிறது, ஆனால் வெளிச்சம் குறைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை, தூங்கப் போன லேப்டாப் கறுப்புத் திரையோடு எழுந்து நிற்கிறது. ஒரு நாளில் கேம் ஆடுவது இரண்டு மணி நேரம் என்றால், மூடியைத் திறந்து மூடுவது நாள் முழுக்க.

இனி, தம்பி 'ஒரு சின்னப் படி' என்று சொல்லித் தாண்டிப்போன விஷயம். எனக்கு அதுதான் முக்கியம். விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலம் முதலே 64 பிட் விண்டோஸ், கர்னல் என்ற தன் மையப் பகுதிக்குள் போகிற டிரைவருக்கு, அதைச் செய்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து கேட்கிறது. டிரைவர் பொட்டலத்துக்குள் ஒரு பட்டியல் கோப்பு உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் கைரேகையும் அதில் இருக்கும். ஐஎன்எஃப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது, கையெழுத்து செல்லாது. அதனால் நிறுவுகிற நேரத்துக்காவது கையெழுத்துச் சோதனையை அணைத்தாக வேண்டும். இத்தோடு முடிந்தால் ஒருவேளை தப்பிக்கலாம். டிரைவரின் இயங்கு கோப்பிலேயே கைவைத்திருந்தால் விண்டோஸைச் சோதனை நிலையிலேயே (டெஸ்ட் மோட்) வைத்திருக்க வேண்டும், அதற்கு 'செக்யூர் பூட்' என்ற, கணினி தொடங்கும்போதே கையெழுத்தைச் சோதிக்கும் காவலையும் அணைக்க வேண்டும். அதை அணைத்தால், பிட்லாக்கர் என்ற வட்டுப் பாதுகாப்புப் பூட்டுப் போட்ட லேப்டாப் அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கலாம். அதை எங்கே எழுதி வைத்தோம் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். எதிரணியிலேயே ஒரு கைகூட எழவில்லை.

இதையெல்லாம் செய்து ஃப்ரேமைக் கூட்டி, ஆன்லைன் கேமைத் திறந்தால், ஏமாற்று தடுக்கும் மென்பொருள் 'சோதனை நிலையில் இருக்கிறாய், வெளியே போ' என்கிறது. எந்த கேமுக்காக இத்தனையும் செய்தோமோ, அந்த கேமே!

'கையெழுத்தென்ன பெரிய கையெழுத்து? 2022-ல் என்விடியாவிடமிருந்தே திருடவில்லையா?' என்று எதிரணி கேட்கக்கூடும். ஆமாம், திருடினார்கள். அந்தத் தாக்குதலில் கசிந்த கையெழுத்துச் சான்றிதழ்களை வைத்துத் தீய மென்பொருள்களுக்கு என்விடியா முத்திரை குத்தினார்கள். இதிலிருந்து எனக்குப் புரிவது வேறு. கர்னலுக்குள் நுழைய அந்த முத்திரைக்காக இவ்வளவு பாடுபடுகிறார்கள். நாமோ முத்திரையே இல்லாத ஒன்றை, காவலை நாமே எழுந்து அனுப்பிவிட்டு, வாருங்கள் என்று உள்ளே கூப்பிடுகிறோம். திருத்தியவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் போட்ட பொட்டலத்தை வேறொருவர் மறுபடி ஏற்றியிருக்கிறாரா என்று பார்க்க அங்கே சரிபார்க்கும் முறை எதுவும் மிச்சமில்லை.

நிறுவனம் வேகத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது என்றும் தம்பி வருத்தப்பட்டார். என்விடியாவின் லேப்டாப் சிப்பான ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயருக்கு, அது இழுக்கும் மின்சாரம் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இருக்கிறது. விற்கும்போது அதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வரம்பு இருப்பது லேப்டாப்பின் பயாஸில், அதாவது வன்பொருளுக்குள்ளேயே பதித்த அடிப்படை நிரலில். ஐஎன்எஃப்பில் வரி சேர்ப்பதால் வாட் கூடாது. டிரைவர் வழியாகவே கட்டிப்போட்டதும் நடந்தது, மறைக்கவில்லை: 2015 தொடக்கத்தில் லேப்டாப் சிப்புகளை விதித்த வேகத்துக்கு மேல் ஓடவிடும் ஓவர்கிளாக்கை என்விடியா தடுத்தது. பயனர்கள் கொதித்தார்கள். அடுத்து வந்த அதிகாரப்பூர்வ டிரைவரிலேயே அந்த வசதியைத் திருப்பிக் கொடுத்தது.

நிறுவனம் தப்பே செய்யாது என்று நான் வாதாடவில்லை. 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவர் விசிறியைச் சரியாகச் சுழலவிடாமல் அட்டைகளைச் சூடாக்கியது. உடனே அதைத் திரும்பப் பெற்று, பழையதற்குப் போங்கள் என்று அறிவித்தார்கள். திருத்திய டிரைவரில் இதே கோளாறு வந்திருந்தால் யார் திரும்பப் பெறுவது?

ஒரே ஓர் இடத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். கெப்ளர் என்ற தன் பழைய தலைமுறைச் சிப்புகளுக்கு, லேப்டாப் பக்கம் 2019-ல் புது டிரைவரை நிறுத்திய என்விடியா, மேசைக் கணினி பக்கம் 2021 வரை கொடுத்தது. அந்த இடைவெளியில் ஐஎன்எஃப் திருத்திய லேப்டாப்காரர்கள் செய்தது சரிதான். நிறுவனம் செய்ததுதான் அநியாயம். ஆனால் 2021-ல் மேசைக் கணினிக்கும் நின்றதும் என்ன ஆயிற்று? திருத்துகிறவரால் அந்தச் சிப்புக்குப் புது நிரல் எழுத முடிந்ததா? அவரும் நம்மோடு சேர்ந்து நின்றுவிட்டார். எழுதுகிறவர் நிறுத்தினால் திருத்துகிறவருக்கு வேலை இல்லை.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பர் ஒன்றே ஒன்று செய்யட்டும். சிப் நிறுவனம் இன்று வெளியிட்ட டிரைவர் தன் லேப்டாப்பில் நேராகவே ஏறும்போது, அதே டிரைவரைத் திருத்திப் போடுவதால் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு நன்மையின் பெயரைச் சொல்லட்டும். தேவையில்லாத துணை மென்பொருளை நீக்குவது என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து டிக்கை எடுத்தால் அதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். வேறு ஏதாவது சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.