கடை யாருடையது?

(ஊடகவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

1984 அக்டோபர் 23. எத்தியோப்பியாவில் பஞ்சம் தாக்கிய கோரெம் என்ற ஊரில் எடுத்த சில நிமிடக் காட்சிகளை பிபிசி தன் செய்தியில் ஒளிபரப்பியது. விடியற்காலைக் குளிரில் வெட்டவெளியில் சுருண்டு கிடக்கும் ஆயிரக்கணக்கான மக்கள். அதைப் பார்த்து உலகமே பதறியது. அடுத்த ஜூலையில் லண்டனிலும் ஃபிலடெல்பியாவிலும் நிதி திரட்ட லைவ் எய்ட் கச்சேரி நடந்தது, பணம் குவிந்தது, பல உயிர்கள் பிழைத்தன. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் அந்தப் பஞ்சத்துக்குப் பின்னால் ஒரு உள்நாட்டுப் போர் இருந்தது. கிளர்ச்சிப் பகுதிகளைப் பட்டினி போட்ட ஒரு ராணுவ ஆட்சி இருந்தது. மக்கள் மனதில் அதெல்லாம் தங்கவில்லை. மழை பொய்த்தது, குழந்தைகள் எலும்பும் தோலுமாக ஆனார்கள், வெள்ளைக்காரர்கள் மாவு மூட்டை அனுப்பினார்கள் என்பதே தங்கியது. ஆப்பிரிக்கா என்றதும் இன்றைக்கும் பலருக்கு அந்தப் படம்தான் ஓடுகிறது.

அந்தக் காட்சியை எடுத்தவர் யார் தெரியுமா? முகமது அமீன். நைரோபியில் பிறந்தவர், பஞ்சாபி வம்சாவளி. ஆக, கேமரா ஆப்பிரிக்கர் கையில்தான் இருந்தது. கடை மட்டும் லண்டனில் இருந்தது. எதை வாங்குவது, எத்தனை நிமிடம் காட்டுவது, எந்த வார்த்தையோடு காட்டுவது என்பதெல்லாம் அங்கே முடிவானது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். படம் எடுப்பவரைவிடக் கடை வைத்திருப்பவர்தான் ஒரு கண்டத்தின் முகத்தைத் தீர்மானிக்கிறார். பின்னாளில் அமீனின் மகன் சலீம் நைரோபியில் ஏ24 மீடியா என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். ஆப்பிரிக்கச் செய்தியாளர்கள் எடுக்கும் காட்சிகளை அவர்கள் பெயரிலேயே உலகத்துக்கு விற்பதற்கான கடை அது. அப்பா கற்ற பாடத்தை மகன் தொழிலாக்கினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

முகம் எப்படி இருந்தால் என்ன, வயிறு நிறைந்தால் போதாதா என்று கேட்கலாம். 2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் எபோலா பரவியது. உடனே கென்யாவுக்கும் டான்சானியாவுக்கும் சுற்றுலாப் பதிவுகள் ரத்தாயின. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சியரா லியோனிலிருந்து நைரோபியைவிடப் பாரிஸ்தான் பக்கம். பாரிஸ் பயணத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அப்புறம், ஆப்பிரிக்கா நோ ஃபில்டர் என்ற அமைப்பு 2024-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. வெளிநாட்டு ஊடகங்களின் ஒருதலைப்பட்சமான செய்திகளால் ஆப்பிரிக்க நாடுகள் வாங்கும் கடனுக்குக் கூடுதல் வட்டி விழுகிறது, அது ஆண்டுக்கு 420 கோடி டாலர் வரை போகும் என்பது அவர்கள் மதிப்பீடு. மதிப்பீடுதான், கூடக்குறைய இருக்கலாம். ஆனால் கெட்ட பெயருக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது என்பது நம் ஊர் வட்டிக்கடைக்காரருக்கும் புரியும் விஷயம்.

இதைச் சரிசெய்ய அரசாங்கங்கள் என்ன செய்யும்? விளம்பரம் செய்யும். 2009-இல் நைஜீரியா அரசு, ‘நல்ல மக்கள், மகத்தான தேசம்’ என்ற முழக்கத்தோடு ஒரு பெரிய பிரச்சாரத்தைத் தொடங்கியது. இன்று அது யாருக்கும் நினைவில்லை.

நினைவில் நின்றது வேறு. 1990-களின் தொடக்கத்தில் கென்னத் நெபுவே என்று ஒரு வியாபாரி இருந்தார். நைஜீரியாவின் பெரிய நகரமான லாகோஸின் இடுமோட்டா சந்தை நம் பர்மா பஜார் மாதிரி ஒரு இடம், அங்கே எலக்ட்ரானிக்ஸ் பொருட்களும் கேசட்டும் விற்றவர். வெற்று வீடியோ கேசட்டுகள் நிறைய இறக்கிவிட்டு, அதில் ஏதாவது படம் இருந்தால் சீக்கிரம் விற்குமே என்று யோசித்தார் என்பார்கள். 1992-இல் இக்போ மொழியில் ஒரு படம் எடுத்து, தியேட்டர் பக்கமே போகாமல் நேராகக் கேசட்டில் விட்டார். பணத்துக்காக ரகசியக் கும்பலில் சேர்ந்து மனைவியையே பலி கொடுப்பவனின் கதை. பிய்த்துக்கொண்டு விற்றது. இன்று நாலிவுட் என்று அழைக்கப்படும் நைஜீரிய சினிமாத் தொழில் அங்கிருந்துதான் பெருகியது.

அடுத்து வந்தவர்களும் அதே சந்தைக்காரர்கள்தான். ஒரு வாரத்தில் படப்பிடிப்பு, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தத்தோடு ஒலிப்பதிவு, சுமாரான நடிப்பு. திருட்டு கேசட்டும் அதே சந்தையில்தான் ஓடியது. ஆனாலும் 2006-ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோ கணக்கில் இந்தியா 1,091 படம், நைஜீரியா 872, அமெரிக்கா 485! 2014-இல் நைஜீரியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் புதிதாகக் கணக்கிட்டு, சினிமாவையும் தொலைத்தொடர்பையும் ஒழுங்காகச் சேர்த்தபோது, பொருளாதாரம் 51,000 கோடி டாலராக உயர்ந்து தென்னாப்பிரிக்காவைத் தாண்டியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டின் மானத்தை வாங்குகின்றன என்று படித்தவர்கள் இந்தப் படங்களைத் திட்டித் தீர்த்தார்கள். மந்திரம், சூனியம், ரத்தபலி, மாமியார் கொடுமை. திட்டியதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் அந்தப் படங்களில் அதுவரை உலகத் திரையில் அதிகம் இல்லாத ஒன்று இருந்தது. ஆப்பிரிக்கர்கள் சோபாவில் உட்கார்ந்து குடும்பச் சண்டை போட்டார்கள். கார் வாங்கினார்கள், சொத்துக்கு அடித்துக்கொண்டார்கள், ஏமாற்றினார்கள், காதலித்தார்கள். இரக்கத்துக்கு உரியவர்களாக இல்லாமல் சாதாரண மனிதர்களாக இருந்தார்கள். நெபுவே தன் ஊர்க்காரர்களிடம் கேசட் விற்க நினைத்தார். நாட்டின் பெயரைத் தூக்கி நிறுத்தும் எண்ணம் இருந்திருந்தால், அருவியும் நடனமும் காட்டும் ஒரு சுற்றுலாப் படம்தான் எடுத்திருப்பார்.

இதே குணத்தைப் பாட்டிலும் பார்க்கலாம். பெனின் சிட்டியில் பிறந்த ரேமா 2022-இல் பாடிய ‘காம் டவுன்’ நம் ஊர் ரீல்ஸிலும் கல்யாண டிஜேயிடமும் ஓடியதே, ஆப்பிரிக்காவைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டோமா? ஆட நன்றாக இருந்தது, கேட்டோம். அவரை அறிமுகப்படுத்திய மேவின் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம், 2012-இல் இசைத் தயாரிப்பாளர் டான் ஜாஸி லாகோஸில் தொடங்கியது. 2024-இல் பன்னாட்டு இசை நிறுவனமான யுனிவர்சல் மியூசிக் அதன் பெரும்பங்கை வாங்க ஒப்பந்தம் போட்டது. கொண்டாடுவதா, கவலைப்படுவதா? எனக்குக் கவலைதான் கொஞ்சம் கூடுதல்.

காரணம் இருக்கிறது. குகாலி என்று ஒரு காமிக்ஸ் நிறுவனம், இரண்டு நைஜீரியர்களும் ஒரு உகாண்டாக்காரரும் சேர்ந்து நடத்துவது. 2019-இல் பிபிசி பேட்டியில், ஆப்பிரிக்காவில் டிஸ்னியை ஒரு கை பார்ப்போம் என்று சவால் விட்டார்கள். அதைப் பார்த்த டிஸ்னி அவர்களையே கூப்பிட்டது. எதிர்கால லாகோஸைப் பற்றிய ‘இவாஜு’ அனிமேஷன் தொடர் 2024 பிப்ரவரியில் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. பணக்காரர்களின் தீவும் ஏழைகளின் நிலப்பகுதியும் பிரிந்து கிடக்கும் லாகோஸ், பறக்கும் கார்களுக்கு நடுவிலும் நெரிசல் தீராத லாகோஸ். உள்ளூர்க்காரர் எழுதாமல் அது வராது. அருமையான வேலை. ஆனால் கடை கலிபோர்னியாவில்.

அந்தக் கடைக்காரர் மனம் மாறினால் என்ன ஆகும்? தொடர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, அதே 2024 ஜனவரியில், ஆப்பிரிக்காவில் இனி சொந்தப் படைப்புகளுக்குப் பணம் போடப் போவதில்லை என்று அமேசான் பிரைம் அறிவித்தது. அதை நம்பி இருந்த லாகோஸ் தயாரிப்பாளர்கள் திகைத்து நின்றார்கள். சிலர் பழைய சந்தைப் புத்திக்கே திரும்பினார்கள். நடிகையும் தயாரிப்பாளருமான ஒமோனி ஓபோலி 2025-இல் தன் காதல் படம் ஒன்றை நேராக யூடியூபில் போட்டார். சில வாரங்களில் ஒரு கோடிப் பார்வைகளைத் தாண்டியது. யூடியூபும் அமெரிக்கக் கடைதானே என்பீர்கள். சரிதான். ஆனால் அங்கே கதைக்கு யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை, அந்த வித்தியாசம் சின்னதல்ல.

முடிக்கும் முன் ஒரு நெருடல். இவ்வளவு நேரம் நான் பேசியது பெரும்பாலும் லாகோஸைப் பற்றி. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். சாட், மலாவி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு இவற்றுக்கெல்லாம் இடுமோட்டா மாதிரி ஒரு சந்தை கிடையாது, 20 கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட உள்ளூர்ச் சந்தையும் கிடையாது. லண்டன் எழுதிய முகத்தின் இடத்தில் லாகோஸ் எழுதிய முகம் வந்து உட்கார்ந்தால், மலாவிக்காரருக்கு அதில் என்ன லாபம்? அதற்கான பதில் லாகோஸில் கிடைக்காது. உகாண்டா தலைநகர் கம்பாலாவின் சேரிப் பகுதியான வகாலிகாவில் ஐசக் நப்வானா என்பவர், வீட்டிலேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டரை வைத்துச் சொற்பச் செலவில் ஆக்‌ஷன் படங்கள் எடுத்து, தானும் நடிகர்களும் கையில் டிவிடியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்றார்கள். உகாண்டா அளவுக்கு அது ஒரு பதில். மற்ற நாடுகளில் யார் யார் அப்படிக் கடை விரித்திருக்கிறார்கள் என்று நீங்கள் தேடிப் பார்த்து எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.