இருபது வளைவுகளும் ஒரு பிரேக் டிஸ்க்கும்

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காட்டிலிருந்து இறங்கி அடிவாரத்தில் நிற்கும் கார்கள் சிலவற்றின் முன்சக்கரத்தில் கருகிய வாடை அடிக்கும். அந்த வாடையை, கார் வடிவமைப்பில் இருக்கும்போதே கணினி சிமுலேஷனில் எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

கணினியைத் தொடுமுன் ஒரு கைக்கணக்கு போட வேண்டும். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 1,100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 16 மெகாஜூல். கரண்டு பில் கணக்கில் நாலரை யூனிட். டயரின் உருளல் தடையும் எதிர்காற்றும் 4 மெகாஜூல் தின்றுவிடும். மிச்சம் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும். மேல் கியரில் இறக்கினால் எஞ்சின் பங்கு சொற்பம். 40 நிமிட இறக்கம் முழுக்க பிரேக்கில் 5 கிலோவாட் எரியும். இரண்டரை கெய்சருக்குச் சமம்!

20 கொண்டை ஊசி வளைவுகள்தான் பிரேக்கைச் சுடவைக்கின்றன என்று தோன்றும். 40 கிலோமீட்டர் வேகத்தை 15-க்குக் குறைக்க ஒரு தடவைக்கு 80 கிலோஜூல். இருபதுக்கும் சேர்த்து 1.6 மெகாஜூல்தான். பெரும்பங்கு வளைவுக்கு வளைவு நடுவே பெடலை லேசாக மிதித்தபடியே வருவதில்தான் போகிறது. சிமுலேஷனில் வளைவுகளை மட்டும் கொடுத்துவிட்டு இந்த இழுவை மிதியை விட்டுவிட்டால், திரையில் பிரேக் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, சூடில்லை என்று காட்டும் பச்சை நிறத்தில் அழகாகத் தெரியும். உண்மையில் வெந்துகொண்டிருக்கும்.

அடுத்து மெஷ். டிஸ்க்கைச் சின்னச் சின்ன கட்டங்களாக வெட்டுகிறோம். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் உரசும் முகத்தில் கட்டம் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். நடுவிலுள்ள காற்றுத் துடுப்புகளில் கொஞ்சம் பெரிதாகலாம். கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை சில டிகிரிக்கு மேல் நகர்ந்தால் முதல் மெஷ் போதாது.

கை நடுங்க வேண்டிய இடம் குளிர்விப்புக் கெழு, அதாவது காற்று எவ்வளவு வெப்பத்தை அள்ளிப்போகும் என்ற எண். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கான எண்ணை மலைப்பாதைக்கும் அப்படியே போடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. 30 கிலோமீட்டரில் சக்கரத்துக்குள் காற்று அவ்வளவு புகாது. சுமார் 6 கிலோ எடையுள்ள முன் டிஸ்க் இவ்வளவு நீண்ட இறக்கத்தில் வெப்பச் சமநிலையை எட்டிவிடும். அப்போது கெழுவை இரு மடங்காகத் தவறாகப் போட்டால், வெப்ப உயர்வு பாதியாகத் தெரியும். 300 டிகிரி உயர வேண்டியது 150 என்று வரும். இந்த எண்ணை ஊகிக்காமல் தனியாகக் காற்றோட்ட சிமுலேஷனில் எடுங்கள். பிறகு நிஜக் காரின் டிஸ்க்கில் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியைப் பதித்து ஓட்டிச் சரிபாருங்கள். நிறப்படத்தை மட்டும் காட்டி ஒப்புதல் கேட்பவரை நான் நம்புவதில்லை.

மின்சாரக் காரில் மோட்டாரே தடுத்து, ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பிவிடுமே என்பீர்கள். மலையுச்சியில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கிளம்பினால் அந்த நாலரை யூனிட்டில் மிஞ்சுவதை வாங்க பேட்டரியில் இடமில்லை. பேட்டரி நிறைந்த நிலையையும் ஒரு தனி சிமுலேஷன் ஓட்டமாக வைத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, கார் நின்றவுடன் சிமுலேஷனை நிறுத்தாதீர்கள். நின்ற சக்கரத்தில் காற்று ஓடாது. டிஸ்க்கின் சூடு பேட், அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாக, பெடலின் அழுத்தத்தைக் கடத்தும் பிரேக் ஆயிலுக்கு மெல்ல இறங்கும். ஆயிலின் உச்ச வெப்பம் பல நிமிடங்கள் கழித்தே வரும். டாட் 3 வகைப் புது ஆயிலுக்குத் தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு 140 தான். கணக்கில் 140-ஐ எடுங்கள். பாதி இறக்கத்தில் டீ குடிக்க ஓரங்கட்டி, கால் மணி நேரம் கழித்துக் கிளம்பும்போது, கொதித்த ஆயிலின் ஆவியால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போவது இதனால்தான். நின்றபின் இன்னும் 20 நிமிடம் ஓடவிடுங்கள். வணக்கம்.